மணித்தல்

அந்த அகராதி அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் எந்த எழுத்தைப் பார்த்துக்கொள்கிறாரோ அந்த எழுத்தே அவருக்குப் பெயர். ககரம் என்பவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். க வரிசை முடிவதற்குள் தன் வரிசை முடிந்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார். பகரம் வாய் மூடாத பெண். நமக்கு வேண்டியவள் மகரம். மகாராணியிலிருந்து மௌனம் வரை எல்லாம் அவள் பொறுப்பு. வயது நாற்பத்திரண்டு, தனி ஆள். பதினான்கு வருடமாக அந்த ஒரே எழுத்தோடு குப்பை கொட்டுகிறாள். கட்டிய புருஷனோடு அவ்வளவு காலம் கொட்டாதவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு.

இப்படி ஓர் எழுத்துக்குக் காவல் இருப்பவள், அந்த எழுத்திலேயே ஒரு கள்ளச் சரக்கை அகராதிக்குள் கடத்தப் பார்த்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதுதான் நடந்தது. கடத்துகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

பதிப்பாசிரியர் அவள் மேஜைக்கு நேராக வந்து நின்றார். அவருக்குப் பெயர் கத்திரி. எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் திருப்பித் தருவார். அவர் கையில் முந்தின நாள் அவள் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. ‘மதியம்’ என்ற சொல்லுக்கு அவள் போட்டிருந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

‘மதியம் அவன் வந்து மணித்தபோது வீட்டில் யாரும் இல்லை.’

“என்னம்மா இது? அணிந்தபோதா, மணந்தபோதா? எதைப் போட வந்து எதைப் போட்டீங்க?”

“எழுத்துப்பிழை இல்ல சார். மணிச்சப்போ. பெல்லை மணிச்சப்போ.”

“பெல்லை அடிச்சப்போ.”

“அடிக்கிறது வேற சார், மணிக்கிறது வேற” என்றாள் மகரம், இது கூடவா தெரியாது என்ற குரலில்.

சுற்றியிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ககரம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பகரம் பேனாவை வாயிலிருந்து எடுத்து, “அப்படி ஒரு வார்த்தையை என் வாழ்க்கையிலேயே கேட்டதில்லடி” என்றாள். பகரமே கேட்டதில்லை என்றால் அது ஊர் வாயில் இல்லை என்றுதான் அர்த்தம். அவள் காதில் விழாத பேச்சு ஒன்று கிடையாது.

மூலையில் வேர்க்காரர் உட்கார்ந்திருந்தார். சொல் எங்கிருந்து பிறந்தது என்று தோண்டுவது அவர் வேலை. சும்மா விட்டால் நாற்காலிக்கும் தாத்தா யார் என்று தேடுவார். அவருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது.

“பணி, பணித்தான். துணி, துணித்தான். கணி, கணித்தான். அப்போ மணி, மணித்தான்னு வந்தா என்ன தப்பு? இலக்கணம் கையை நீட்டி வரவேற்குது. ஆனா வழக்குல இருக்கணுமே. எங்க கேட்டீங்க?”

“வீட்டுல” என்றாள்.

“வேற எங்க?”

அவள் வாயைத் திறந்தாள். வேறு எங்கே? பள்ளிக்கூடத்தில்? கல்லூரியில்? விடுதியில்? இந்த அலுவலகத்தில்? வேறு எங்கேயும் இல்லை. நாற்பது வருடமாக மனதுக்குள் புழங்கிய ஒரு சொல்லை மூன்றே பேர்தான் பேசியிருக்கிறார்கள். அம்மா, அண்ணன், அவள். வெளியாட்களிடம் அதைச் சொல்லவேண்டிய தேவையே வந்ததில்லை, ஏனென்றால் வெளியாட்கள் மணிப்பதில்லை. அவர்கள் அடிப்பார்கள்.

“மூணு வீடு, மூணு ஆள், ஒருத்தருக்கொருத்தர் உறவு இருக்கக்கூடாது. இது நம்ம விதி” என்றார் கத்திரி. “ஒரே வீட்டுல பேசுறது சொல் இல்லம்மா. செல்லம்.” சிவப்புக் கோட்டை இழுத்து வாக்கியத்தை வெட்டிவிட்டுப் போனார்.

அவர் வெட்டியது ஒரு வாக்கியத்தை. அது எங்கே போய் வெட்டியது என்று அவருக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தில் வந்த ‘அவன்’ அவளுடைய அண்ணன். மதியம், அவள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில், அவன் ஒருநாள் வந்து மணித்துவிட்டு, திறக்க ஆளில்லாமல் திரும்பிப் போயிருப்பானோ என்ற பயம் ஒன்பது வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. மதியம் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக அதை எழுதிவிட்டது.

அம்மா தையல்காரி. வீட்டு முன்னறையில்தான் மெஷின். காலால் மிதிக்கும் பழைய மெஷின், நாலு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று நொண்டும். அந்தச் சத்தத்தில் வாசல் மணி ஒருமுறை ஒலித்தால் காதில் விழாது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று ஒலித்தால் விழும். அது வீட்டு ஆட்களின் மணி. “யாரோ அடிக்கிறாங்க பாரு” என்று அம்மா சொன்னால் வந்திருப்பது துணி கொடுக்க வந்தவர். “மணிக்கிறான் பாரு” என்றால் அண்ணன். ஒரே கதவு, ஒரே பெல், சொல்லை வைத்தே ஆள் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட நுணுக்கம் உள்ள சொல்லைச் செல்லம் என்று சொல்லிவிட்டாரே என்று அவளுக்குக் கோபம் வேறு.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாசலில் இப்போது இருக்கும் பெல்லை மாட்டியதும் அவன்தான். அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்து பார்த்தால் முன்னறையில் மெஷின் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. தரையில் நாலு கால் தடம். யாரோ ஒரு தையல்காரிக்கு, மெஷின் இல்லாமல் தவித்தாளாம், தூக்கிக் கொடுத்துவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஓடாமக் கிடந்தா இறுகிப்போயிடும் பாப்பா. அவங்க நல்லா ஓட்டுவாங்க” என்றான்.

அவளுக்குத் தலைக்கேறியது. அம்மா கை பட்ட பொருளை எடுத்துக் கண்டவளிடம் கொடுக்க நீ யார் என்று ஆரம்பித்து, நாக்கில் எதெல்லாம் வந்ததோ எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். கடைசியாக ஒன்று சொன்னாள்.

“இனிமே இந்த வாசல்ல வந்து மணிக்காதே.”

அவன் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு படி இறங்கிப் போய்விட்டான். முதல் இரண்டு வருடம் அவளுக்கு ரோஷம். அவனே வரட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ரோஷம் தீர்ந்து அவன் ஃபோன் எண்ணைப் போட்டபோது, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. அவன் வேலை பார்த்த கம்பெனியில் விசாரித்தாள், ஊர் மாற்றிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து பெல் ஒலிக்கும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். முதல் ஒலி குட்டையாக இருந்தால் இரண்டாவதுக்குக் காத்திருப்பாள். வராது. கூரியர்காரரோ, கீழ்வீட்டு அம்மாவோ நிற்பார்கள். பெல் மூன்று முறை கெட்டுப்போனது. மூன்று முறையும் எலெக்ட்ரீஷியன், “எதுக்கு மேடம் இந்தப் பழசு? குருவி கத்துற மாதிரி புதுசு வந்திருக்கு, ஒருதடவை தொட்டா போதும், முழுப் பாட்டும் பாடும்” என்று சொல்லிப் பார்த்தார். தொட்டவுடன் முழுப் பாட்டும் பாடுகிற பெல்லில் குட்டை எது, நெட்டை எது? அதையே ரிப்பேர் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கத்திரி வெட்டிவிட்டுப் போன அன்று மதியம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்லமாட்டேன், நேர்மையானது என்றும் சொல்லமாட்டேன். அலுவலகம் மாதா மாதம் பத்திரிகையில் ஒரு கட்டம் வெளியிடும். ஐயமுள்ள சொல்லைக் கொடுத்து, உங்கள் வழக்கில் இது உண்டா என்று வாசகர்களைக் கேட்கும். கூடவே நிரப்பி அனுப்ப ஓர் அட்டை. அந்த மாதத்துக் கட்டத்துக்கு மகரத்தின் முறை. மற்றொரு சொல் தயாராக இருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு ‘மணித்தல்’ என்று எழுதினாள்.

“பிடிச்ச பிடியை விடமாட்டீங்களே” என்றார் கத்திரி. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வீட்டு ஆதாரம் தேடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வீடு. அது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். அட்டையில் முகவரி கட்டாயம். முகவரி இல்லாத அட்டையைக் கத்திரி படிக்காமலே குப்பைக்கூடையில் போடுவார். அதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொன்னாள்.

அட்டைகள் வந்தன. நம் ஜனங்கள் தெரியாது என்று சொல்லிப் பழகியவர்களா? ஒருவர் அது ‘மணத்தல்’, அச்சுப்பிழை, அகராதிக்காரர்களுக்கே தமிழ் தெரியவில்லை என்று இரண்டு பக்கம் திட்டியிருந்தார். ஒரு பெண், கதிரில் மணி பிடிப்பதை எங்கள் அப்பா ‘மணிச்சிருக்கு’ என்பார் என்று எழுதியிருந்தாள். ஒரு ரயில்வே ஊழியர், நேரம் பார்த்துச் சொல்வதற்கு ‘மணிச்சுச் சொல்லு’ என்பது தன் கண்டுபிடிப்பு என்றும், அதைத் தன் பெயரோடு போடவேண்டும் என்றும் கேட்டிருந்தார். வேர்க்காரருக்குக் கொண்டாட்டம்.

“பாத்தீங்களா? தாலியில கோக்கிறதும் மணி, கதிர்ல விளையிறதும் மணி, கடிகாரம் காட்டுறதும் மணி, கண்ணுக்குள்ள இருக்கிறதும் மணி. சின்னதா, உருண்டையா, விலை மதிக்க முடியாததா ஒண்ணு. அது எப்படி கோபுரத்துல தொங்குற பித்தளையாச்சு? அந்தப் பித்தளைய எப்போ எடுத்து அடிக்க ஆரம்பிச்சாங்க? அதைக் கண்டுபிடிச்சுட்டா நான் நிம்மதியா கண்ணை மூடுவேன்.”

“அடிக்கிறதுக்கு என் கட்டுல நாற்பது பக்கம் இருக்கு” என்றார் அகரம் அலுப்போடு. “காத்து அடிக்குது, வெயில் அடிக்குது, வெள்ளை அடிக்கிறான், தந்தி அடிக்கிறான், கண் அடிக்கிறான், லூட்டி அடிக்கிறான். எதைத்தான் அடிக்காம விட்டோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். மகரமும் சிரித்துவைத்தாள். அவள் கண் தபால்காரர் வரும் கதவின் மேலேயே இருந்தது. மூன்று வாரம் போயிற்று. முப்பத்திரண்டு அட்டைகள், ஒன்றுகூட வாசல் பெல் பற்றி இல்லை. அவன் பத்திரிகை படிக்கிறவனே கிடையாது, விளையாட்டுப் பக்கத்தோடு மடித்துவிடுவான் என்ற ஞாபகம் அப்போதுதான் வந்தது. தன் முட்டாள்தனத்தை நினைத்து அவளுக்கு அழுகை முட்டியது. ஒரு சொல்லை ஊரறியக் கூவி விற்றும் வாங்க ஆளில்லை.

நாலாவது வாரம், தேநீர் வேளையில், அன்றைய தபாலைப் பிரித்துக்கொண்டிருந்த வேர்க்காரர், “அட” என்றார்.

“என்ன, இன்னொரு கண்டுபிடிப்பாளரா?” என்றாள் பகரம்.

“இல்ல. இது வேற. கேளுங்க.” அவர் உரக்கப் படித்தார். “பொருள்: வெளியே நிற்பது நம் ஆள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும்படி பெல்லை அழுத்துவது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.”

மகரத்தின் கையிலிருந்த தம்ளர் மேஜையில் சத்தமாக உட்கார்ந்தது. யாரும் கவனிக்கவில்லை.

“பேசுபவர்கள்: எங்கள் வீட்டில் மூன்று பேர். அடுத்தது, சொல் பிறந்த கதை. இதுதான் நமக்கு வேணும். என் தங்கைக்கு அப்போது மூன்று வயது, எனக்கு எட்டு. அம்மா மெஷினை நிறுத்தாமலே, யாரோ மணி அடிக்கிறாங்க பாரு என்பாள். தங்கை உடனே அழ ஆரம்பித்துவிடுவாள். மணியை ஏன் அடிக்கிறாங்க, அது என்ன தப்பு பண்ணிச்சு என்று கேட்பாள். சமாதானம் சொல்லி மாளாது. ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெல்லை அழுத்தினேன். ஸ்டூல் போட்டு ஏறிக் கதவைத் திறந்தவள் கண் நிறையத் தண்ணீரோடு நின்றாள். நீயுமா அடிச்சே என்று கேட்டாள். நான் அடிக்கல பாப்பா, மணிச்சேன் என்றேன். அப்படி ஒரு சொல் உண்டா என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்தது. அழுகை நின்றுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊரார் மணி அடிப்பார்கள், நாங்கள் மணிப்போம்.”

வேர்க்காரர் நிறுத்திவிட்டு எல்லோரையும் பார்த்தார். “ஒரு குழந்தை அழுதுன்னு, மணிகிட்டேருந்து அடியைப் பிடுங்கிப் போட்டிருக்காங்கய்யா. நான் முப்பது வருஷமா வேர் தோண்டுறேன். இப்படி ஒரு வேரைப் பாத்ததில்ல.”

“எடுத்துக்காட்டு வாக்கியம்?” என்று கேட்டார் கத்திரி. அவருக்கு அதுதான் முக்கியம்.

“இருக்கு. ‘இனிமேல் இந்த வாசலில் வந்து மணிக்காதே.’ அவ்வளவுதான். இது என்ன, சண்டையா?”

மகரம் எழுந்து போய் அட்டையை வாங்கிக்கொண்டாள். மூன்று சுழி ண-வுக்கு நாலு சுழி போட்டிருந்தது. எத்தனை குட்டு வாங்கியும் அவன் திருத்திக்கொள்ளாத சுழி. அட்டையில் தங்கைக்கு என்று ஒரு வரி இல்லை, நலமா என்று ஒரு சொல் இல்லை. அவள் இங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் முன்பின் தெரியாத ஆளைப்போல், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருந்தான். கீழே முகவரி இருந்தது, கட்டாயம் என்பதால்.

அந்தச் சொல் அம்மாவுடையது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது அவளுக்காகவே செய்த சொல். அவள் அழக்கூடாது என்று எட்டு வயதுப் பையன் ஒருவன் அவசரத்தில் செய்து கொடுத்தது. அதையே எடுத்து அவன் முகத்தில் வீசி வெளியே அனுப்பியிருக்கிறாள். அடிக்காதே என்று சொல்லியிருந்தால்கூட மறுநாள் வந்திருப்பான். இவள் மணிக்காதே என்றாள். அவனுக்கு வெட்கமாகவும் வலியாகவும் இருந்திருக்கும் என்று இப்போது புரிந்து, நின்ற இடத்திலேயே அழுதாள். பகரம் ஜன்மத்தில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கத்திரி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் வெட்டுகிறவரே ஒழிய முட்டாள் இல்லை.

“ஒரே வீட்டு ஆதாரம். சேர்க்க முடியாது” என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஆனா சந்தேகம்னு வந்தா நேர்ல போய்ச் சரிபார்க்கணும். அதுவும் விதிதான். வெளிவேலைன்னு எழுதிட்டுக் கிளம்புங்கம்மா.”

மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். மன்னிச்சுடு என்றால் நாடகமாக இருந்தது. எப்படி இருக்கே என்றால் ஒன்பது வருடத்துக்கு அது பற்றாது. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அன்று ஒரு சொல் அகப்படவில்லை. இறங்கும்போது கை வெறுமையாக இருப்பது தெரிந்து, நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் ஒரு டஜன் நூல்கண்டு வாங்கினாள். பழம் வாங்க நினைத்துத்தான் கடைப்பக்கம் போனாள். ஏன் நூல் வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்று மாடிக் கட்டடம், இரண்டாவது மாடி. லிஃப்ட் இருந்தது, அவள் படியிலேயே ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. மேலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் வந்தது. எல்லா மெஷினும் ஓடும். இது நாலு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று நொண்டியது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. டக். இறுகிப்போகாமல் ஒன்பது வருடமும் அது ஓடியிருக்கிறது. அவன் சொன்னது சரிதான். கண்டவள் என்று இவள் திட்டினாளே, அவளுக்கு இப்போது என்ன முறை என்பதும் அந்தப் படியிலேயே விளங்கிவிட்டது. அண்ணி.

கதவுக்கு வெளியே ஒரு பழைய மாதிரி பெல். குருவி கத்துகிற ரகம் இல்லை.

அவள் விரலை வைத்தாள். தைரியம் வரவில்லை. விருந்தாளியைப்போல் ஒருமுறை அழுத்தினாள். மெஷின் நிற்கவில்லை. ஒரு மணிச் சத்தம் அதற்குள் முங்கிப்போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. மணிக்காதே என்று சொன்னவள் மணிக்கலாமா? எந்த முகத்தோடு?

நூல்கண்டுப் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

மெஷின் பாதி மிதியில் நின்றது.

“யாரோ மணிக்கிறாங்க” என்றது உள்ளே ஒரு பெண் குரல். பிறகு அந்தக் குரலே குழம்பியது. “நாம எல்லாரும் உள்ளதானே இருக்கோம்?”

நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. அண்ணன் குரல், ஒன்பது வருடம் கழித்து, கதவுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

“இல்ல” என்றான். “ஒருத்தி வெளியே நிக்கிறா.”